கதவில் தொங்கும் சீருடை

அப்பாவுக்கு,

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் படத்தில் உங்கள் சீருடை தெரியும் காட்சிகளை நான் வெட்டமாட்டேன்.

வீட்டில் படம் எடுத்த அன்று அம்மா புதுத் திரைச்சீலை போட்டார். நீங்கள் கதவில் தொங்கிய செக்கியூரிட்டிச் சீருடையை எடுத்து அலுமாரிக்குள் ஒளித்தீர்கள். நான் அதைத் திரும்பவும் கொழுவினேன். கமராவைக் கதவடியில் தாழ வைத்தேன். சீருடை திரையில் பாதியை மறைக்கிறது. சாப்பாட்டு மேசையில் நாங்கள் நால்வரும் அதற்குக் கீழே சிறிதாகத் தெரிகிறோம். இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடமாக நாங்கள் வாழ்ந்தது அப்படித்தான். அதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

"எட்மண்டனிலை இருக்கிற எங்கடை சனம் முழுக்க படம் பார்க்க மண்டபத்துக்கு வரும், பிள்ளை. நான் ஒபிசிலை வேலை எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்" என்றீர்கள்.

"அவையளின்ரை கதவிலை என்ன தொங்குதாம், அப்பா?" என்று கேட்டேன். அதற்குத்தான் இந்தக் கோபம்.

ஏப்ரலில் வேலை முடிந்து நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால் வந்து, ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, இதே சீருடையோடு மழையில் நின்று கத்தினீர்கள். அன்றைக்கு யாருக்கும் ஒளிக்கவில்லை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவரைக் கடை வாசலில் காவலுக்கு நிறுத்தியது இந்த நகரம். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்குப் படம். முன்வரிசை நடுக் கதிரையில் உங்கள் பெயரை ஒட்டியிருக்கிறேன். வேறு யாரையும் அதில் இருக்க விடமாட்டேன். நீங்கள் வராவிட்டால், அந்த வெறுங்கதிரையையும் சேர்த்தே சனம் பார்க்கட்டும்.

உங்கள் மூத்தவள்