பன்னிரண்டு கடைகளின் சீட்டு

பிப்ரவரி 11

மழை. காலையில் கூட்டம் குறைவு. இரண்டு தட்டு டோனட் அப்படியே மிஞ்சிவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டு மாவு அறைக்குள் போய்விட்டார்.

தங்கை மாலிஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் போனைப் பார்க்கிறாள். ஏழு கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் மார்ச்சில்தான் வரும் என்று அவளே சொன்னாள். அப்புறம் ஏன் தினமும் பார்க்கிறாய் என்று கேட்டேன். "தெரியலக்கா. பாக்காம இருக்க முடியல."

அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தொண்டை மூடிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதுவேன். எழுந்து பேசச் சொன்னால்— முடியாது. கடையில் பேச வேண்டியது கொஞ்சம்தான். எத்தனை வேணும், வேற என்ன வேணும், போயிட்டு வாங்க. அவ்வளவுக்கு என் குரல் போதும்.

மார்ச் 3

விகாரையில் அம்மா மாலிஸுக்காக ஊதுபத்தி கொளுத்தினாள். "ஏழு காலேஜுக்கும் சேர்த்து ஒரே கட்டா?" என்றாள் மாலிஸ். "பின்னே? சாமிக்கும் தனித்தனியா விண்ணப்பக் கட்டணமா?" என்றாள் அம்மா.

மார்ச் 21

கிடைத்துவிட்டது! பைன் மரக் கல்லூரி!

அதன் நிஜப் பெயர் அப்பாவின் வாயில் நுழையாது. படத்தில் பைன் மரங்கள் இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயர். மாலிஸ் அங்கே மரங்களைப் பற்றித்தான் படிக்கப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது ஒன்றுதான்.

கடையின் நடுவில் நின்று கத்திவிட்டாள். வரிசையில் நின்ற தபால்காரர் கை தட்டினார். உள்ளேயிருந்து அப்பா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார். போனை நீட்டினாள். அப்பாவின் கையெல்லாம் மாவு. தொடாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புத்தர் முன்னால் குனிகிற மாதிரி குனிந்து பார்த்தார். அத்தனை இங்கிலீஷுக்கு நடுவே அவள் பெயரை மட்டும் கண்டுபிடித்து, "இது நீ" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொறாமை இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது, கடுகளவு. மற்றதெல்லாம்— எப்படி எழுதுவது— எங்கள் வீட்டுக் கூரையைத் திறந்து யாரோ வானத்தைக் காட்டியது போல.

மார்ச் 24

கல்லூரி தரும் உதவிப்பணம் எவ்வளவு என்று இன்று தெரிந்தது. மிகக் கொஞ்சம். மீதியை நாங்கள் கட்ட வேண்டும். வருடம் முழுக்கக் கடை நடத்தி நாங்கள் மிச்சம் பிடிப்பதைவிட அது அதிகம்.

"தப்பாப் போட்டிருப்பாங்க" என்றாள் அம்மா.

அப்பா கையிலிருந்த மாவைத் தட்டினார். பிறகு, "மாநிலப் பல்கலைக்கழகத்துலயும் இடம் குடுத்திருக்காங்கல்ல? அது நம்ம கைக்கு அடங்கும். பஸ்ல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து கருவாடும் கஞ்சியும் சாப்பிடலாம்" என்றார்.

"அங்க காடு பத்தின படிப்பே இல்லப்பா."

"மரமே இல்லாத ஊரா அது?"

மாலிஸ் அழவில்லை. பின்னறைக்குப் போய், இளஞ்சிவப்பு அட்டைகளை எடுத்து டோனட் பெட்டி மடிக்கத் தொடங்கினாள். பெட்டி போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். கூரை தொடும்வரை அடுக்கிவிட்டோம்.

மே ஒன்றாம் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று சொல்லியாக வேண்டும்.

மார்ச் 28

உதவிப்பணம் ஏன் இவ்வளவு குறைவு என்று தெரிந்துவிட்டது. மாலிஸ் போன் போட்டுக் கேட்டாள். கல்லூரி எங்கள் வங்கிக் கணக்கைக் கேட்டிருந்தது, நாங்களும் கொடுத்திருந்தோம். அதில் மாதாமாதம் பெரிய தொகை வருகிறது. அதைக் கடை வருமானம் என்று எண்ணிவிட்டார்கள்.

அது சீட்டுப் பணம்!

அம்மாதான் சீட்டு நடத்துகிறாள். இந்த அமெரிக்க ஊரில் டோனட் கடை வைத்திருக்கும் கம்போடியப் பெண்கள் பன்னிரண்டு பேர், அம்மாவையும் சேர்த்து; மற்ற எல்லோரும் எங்களுக்குச் சித்திகள். மாதம் எல்லோரும் ஒரே அளவு போடுவார்கள், ஏலம் கேட்டு ஒருத்தி எடுப்பாள். எங்கள் அடுப்பு, ரதனா சித்தியின் கடை, ஃபல்லி சித்தி மகனின் கல்யாணம், எல்லாம் அதில் வந்தவை. முன்பெல்லாம் பணம் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். ஒரு கடையில் திருடன் புகுந்த பிறகு, அம்மாவின் கணக்கில் போட்டு எடுக்கிறார்கள்.

"அது நம்ம காசு இல்லன்னு ஏம்மா சொல்லல?" மாலிஸ் கத்திவிட்டாள்.

"நம்ம காசுன்னு நான் எப்பச் சொன்னேன்? கணக்கைக் குடுன்னு கேட்ட, குடுத்தேன். அடுத்தவ காசை யாராவது தன் காசுன்னு நினைப்பாங்களா?"

அம்மாவுக்கு உண்மையாகவே அது புரியவில்லை. அந்தப் பணம் தன் கணக்கில் கிடந்தாலும் அவள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது போல. அதை நினைக்க நினைக்க எனக்கு அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. நல்ல மாதிரியான பயம்.

ஏப்ரல் 1

ஆதாரம் கேட்கிறார்கள். ரசீது, ஒப்பந்தம், கையெழுத்து— ஏதாவது.

"சீட்டுக்கு ஏது பேப்பர்?" என்றாள் அம்மா. "பேப்பர் கேட்டா அப்புறம் அது சீட்டே இல்ல."

என்ன செய்யப் போறோம்? ஒண்ணும் புரியல.

ஏப்ரல் 6

விகாரையில் சமையலறைப் பக்கம் எல்லாச் சித்திகளையும் அம்மா உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது. அம்மா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஃபல்லி சித்தி உடனே, "என் பேரு எதுக்கு அங்க? நாளைக்கு வரி ஆபீஸ்காரன் வந்து நிப்பான்" என்றாள்.

"வரட்டும். உன் கடைக் காப்பியை ஒரு தடவை குடிச்சா திரும்ப வரமாட்டான்" என்றாள் ரதனா சித்தி. எல்லோரும் சிரித்தார்கள், ஃபல்லி சித்தியைத் தவிர. ரதனா சித்தி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பேப்பர் இல்லன்னா என்ன? ஆள் இருக்கோம்ல? போய் நிப்போம்."

"அந்தக் காலேஜுக்கு நாலு மணி நேரம் போகணும்" என்றாள் அம்மா.

"விகாரை வேனை நான் ஓட்டறேன். வாந்தி எடுக்கிறவங்க முன்னாடி உக்காருங்க."

ஃபல்லி சித்தி வருவதாகச் சொல்லவில்லை. அவள் வராவிட்டால் பன்னிரண்டில் ஒன்று குறையும்.

ஏப்ரல் 14

கம்போடியப் புது வருடம். வழக்கம்போல் அப்பாவையும் அம்மாவையும் நாற்காலியில் உட்கார வைத்து, மல்லிகை மிதக்கும் தண்ணீரால் குளிப்பாட்டி, வருடம் முழுக்கச் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டோம். "இவ்வளவு செலவு வைக்கறதுக்கு மன்னிச்சிடுங்க" என்றாள் மாலிஸ். அப்பா நடுங்கிக்கொண்டே, "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. மொதல்ல அதுக்கு மன்னிப்புக் கேளு" என்றார்.

ஏப்ரல் 19

எழுத எவ்வளவோ இருக்கிறது. எங்கே தொடங்க?

இருட்டோடு கிளம்பினோம். மாலிஸுக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டுமாம், என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வேன் கிளம்பும் நேரத்தில் ஃபல்லி சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முக்காடு வேறு இட்டுக்கொண்டு ஏறினாள். "சினிமா நடிகை வந்துட்டா, இடம் விடுங்க" என்றாள் ரதனா சித்தி. ஊரில் இன்று பன்னிரண்டு கடைகளிலும் புருஷன்மார்தான் கல்லாவில்.

கல்லூரியின் உதவிப்பண அலுவலகம் சின்ன அறை. மூன்றே நாற்காலி. அதிகாரியின் பெயர் ஹால்வர்சன். இளைஞர், செம்பட்டைத் தாடி. நாங்கள் நுழைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து எழுந்து நின்றவர், பிறகு உட்காரவே இல்லை. சித்திகள் எல்லோரும் புது வருடப் பட்டில். ஒவ்வொருத்தி கையிலும் அவளவள் கடைப் பெட்டி. அவருடைய மேசை இளஞ்சிவப்பாகிவிட்டது.

"நான் பரிசு வாங்கக் கூடாதே" என்றார் அவர்.

மாலிஸ் மொழிபெயர்த்ததும் ரதனா சித்தி, "யாரு குடுத்தா? இது எங்க சாப்பாடு. மேசையை ஓரமா நகர்த்தச் சொல்லு" என்றாள்.

அவர் தலைகளை எண்ணினார். "பன்னிரண்டு பேர் என்றீர்களே, அம்மாக்கள் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறாரே?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. ரதனா சித்தி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "டஜன் வாங்கினா ஒண்ணு இலவசம்!" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும்.

மாலிஸ் சீட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள். எவ்வளவோ முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. எது நடந்தாலும் பேசுகிறவள் அவள்! என் தொண்டை மூடுவது போலவே அவளுக்கும் மூடியதைப் பார்த்தேன்.

"நீ நகரு" என்று ரதனா சித்தி முன்னால் போனாள். சித்திகள் எல்லோருக்கும் இருப்பது கல்லாவில் நின்று கற்ற இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் கடை, தியேட்டர் பக்கம். மாசம் மாசம் காசு, இவ கையில். இவ காசு இல்ல. என் காசு. ஒரு மாசம் ஒரு ஆள் எடுக்கும். இவ வச்சிருக்கும், அவ்வளவு. வேற என்ன வேணும்?"

அடுத்தவள் வந்தாள். "நான் கடை, ரயில் பாலம் பக்கம். என் காசு. இவ வச்சிருக்கும். போயிட்டு வாங்க." ஒருத்தி பின் ஒருத்தியாக. யாரும் தயங்கவில்லை. கடைசியில் ஃபல்லி சித்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நான் ஃபல்லி. வரி கட்டும் நான். என் காசு. எழுது."

ஹால்வர்சன் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கையெழுத்து இல்லாமல் இவ்வளவு பணம் கொடுக்கிறார்களே, யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால்?" என்று கேட்டார்.

மாலிஸ் அதை எங்கள் மொழியில் சொன்னதும் அறையே சிரித்தது. "எங்க ஓடுவா? விடிஞ்சா எண்ணெய் காய வைக்கணுமே!" என்றாள் ரதனா சித்தி.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் ஓடல" என்றாள்.

ஒவ்வொருத்தி சொன்னதையும் அவர் தனித்தனித் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார்கள். சிலர் எங்கள் கெமர் எழுத்தில் போட்டார்கள். அந்த வளைவுகளை, அந்தச் சுழிகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன், எந்த வாக்கும் தர முடியாது என்றார்.

வெளியே வந்தால் பைன் மரங்கள். படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது, இன்னும் உச்சி வரவில்லை. சித்திகள் பட்டுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்து டோனட் சாப்பிட்டார்கள். எனக்கு மரத்தைப் பார்ப்பதா, அவர்களைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 20

ஃபல்லி சித்தியின் புருஷனுக்கு நேற்று கல்லாவைத் திறக்கத் தெரியவில்லையாம். மத்தியானம் வரை எல்லோருக்கும் சும்மாவே கொடுத்து அனுப்பியிருக்கிறார். இன்று அந்தக் கடை வாசலில் பெரிய வரிசை.

ஏப்ரல் 26

பதில் இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான பஸ் நேரங்களை அப்பா ஒரு தாளில் எழுதி மாவு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மாலிஸ் அதைப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 29

வந்துவிட்டது. புதிய தொகை.

மாலிஸ் படித்தாள். பிறகு அப்பாவுக்கு ஒரு தடவை, அம்மாவுக்கு ஒரு தடவை. அவள் அங்கேயே ஏதாவது வேலை செய்ய வேண்டும், கோடை முழுக்கவும் உழைக்க வேண்டும். நாங்கள் கட்ட வேண்டியது மாநிலப் பல்கலைக்கழகத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். கட்டிவிடலாம். ஜூன் மாதச் சீட்டை ஏலம் இல்லாமல் அம்மாவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சித்திகள் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

அப்பா சுவரில் இருந்த தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அங்க குளிருமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மாலிஸ் அப்பாவைக் கட்டிக்கொண்டாள், அவள் முதுகெல்லாம் மாவு.

ஆகஸ்ட் 23

மாலிஸைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் ரேடியோ மட்டும்.

செப்டம்பர் 9

விடியுமுன் மாலிஸ் போன் செய்தாள். பயந்துபோய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. பழக்கத்துல முழிப்பு வந்துடுது. இந்தக் கட்டடத்துலயே நான் ஒருத்திதான் முழிச்சிருக்கேன். எல்லாம் தூங்குதுங்க. நீ என்ன பண்ற?"

"மாவு மெஷின் ஓடிட்டிருக்கு."

"நான் பாடம் படிக்கிறேன். சத்தமா படிச்சாத்தான் எனக்கு ஏறும், தெரியும்ல? கேக்கறியா?"

போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தேன். அவள் படித்தாள். உயரமான மரத்தின் உச்சி இலைக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று. பம்பு இல்லை, இதயம் இல்லை. இலையிலிருந்து ஒரு துளி காற்றில் போகும்போது, அது தனக்குப் பின்னால் இருக்கும் துளியை இழுக்கிறதாம். அது அடுத்ததை. வேர் வரைக்கும் ஒரே இழையாக.

அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். எவ்வளவு புரிந்ததோ, நகரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்: "நடுவுல அந்த இழை அறுந்து போனா? அப்புறம் மரம் என்ன பண்ணும்?"

"தெரியலயே" என்றாள் மாலிஸ். "இரு அக்கா, அடுத்த பக்கத்துல இருக்கான்னு பாக்கறேன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. நானும் அப்பாவும் காத்துக்கொண்டு நின்றோம்.