கௌசிக் இருந்த வீடு

அன்புள்ள அப்பாவுக்கு, மோகன்குமார் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

போன மாதம் இங்கே ஜெர்மனியில் லாரி மோதி இறந்துபோன என் நண்பன் சங்ககிரி கௌசிக்கின் அம்மா மாரக்காள் போன் செய்தார். "எம்பையன் இருந்த ஊட்டை ஒருக்காக் காட்டு சாமி" என்றார். லைப்சிக் நகரின் நடுவே, பழைய தேவாலயத்துக்கு எதிரில் குடியிருப்பதாக அவரிடம் அவன் சொல்லியிருக்கிறான். உண்மையில் அவன் இருந்தது ஊரின் கடைசியில், க்ரூனாவ் என்ற பகுதியில்.

ஞாயிற்றுக்கிழமை டிராமில் போனேன். எங்கு பார்த்தாலும் கான்கிரீட் அடுக்குமாடிகள். கூடத் தங்கியிருந்தவர்களால் அறைக்குள் இடமில்லாததால் சமையலறைத் தரையில்தான் படுத்திருக்கிறான். மெத்தை இன்னும் அங்கேயே கிடந்தது. அந்த அம்மாவுக்கு வீடியோ காலில், மரங்கள் தெரிந்த ஜன்னலை மட்டும் காட்டினேன்.

"மரமெல்லாம் இருக்குது, நல்ல எடந்தான். அந்தச் சர்ச்சு எங்க சாமி?"

"மரத்துக்குப் பின்னாலங்கம்மா" என்றேன். அவர் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒருமுறை சங்ககிரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். க்ரூனாவைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அப்படியே பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கி எனக்கு அனுப்புங்கள். என் அறையிலும் தரை மிகவும் குளிர்கிறது. அம்மா கேட்டால், வருகிற விருந்தாளிகளுக்கு விரிக்க என்று சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
மோகன்குமார்