பூக்கட்டிப் பார்த்து ஏற்றிய லினக்ஸ்

சிவமயம்.
பெருவெள்ளத்தைச் சுழித்து மண்ணுக்குள் அடங்கச் செய்த பெருமானே, அடியேன் நெஞ்சில் சுழலும் அவசரத்தையும் அவ்வாறே அடக்குக. அம்மையும் நீயும் அறிய எழுதத் தொடங்குகிறேன்.

ஆவணி 4, புதன்

விடிந்ததும் அனல்காற்று. மேகம் திரண்டது, நமக்கில்லை என்பதுபோல் பந்தல்குடிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

நெட்புக்கில் மீண்டும் அதே அறிவிப்பு. இடம் போதவில்லை, புதுப்பிக்க இயலவில்லை. இம்மாதத்தில் மூன்றாம் முறை. நான் தொகுத்துவரும் பதிகச் சொல்லடைவில் 'நி' வரிசை பாதியில் நிற்கிறது. தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதற்குள் ஒரு டம்ளர் சுக்குக் கஷாயத்தைக் குடித்து முடித்துவிடலாம்.

இச்சிறு மடிக்கணினியை இனி நெ.பு. என்றே குறிக்கிறேன். மகன் செந்தில் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பியது. எனக்கும் மருமகள் மலருக்கும் பொது. வீட்டில் நாங்கள் இருவரே. அவன் மாதம் ஒருமுறை வருவான். நெ.பு.வைத் திறந்தால் இரண்டு பெயர்கள்: 'ஐயா', 'மலர்'. அவள் பெயருக்குக் கடவுச்சொல் உண்டு. அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தனியார் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தால் கையில் கைபேசிதான்.

உள்ளே இருப்பவை:
மொத்த இடம் 32 ஜி.பி.
விண்டோஸ், ஏறக்குறைய 20.
பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாக நான் எடுத்த படங்கள், 7.
சொல்லடைவு, சொல்லத்தக்க அளவில்லை. பதினோர் ஆண்டு உழைப்பின் எடை அவ்வளவே.
மீதி என்னவென்று தெரியவில்லை. குப்பையாக இருக்கும்.

ஆவணி 5, வியாழன்

அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில், நின்றபடியே. மடியில் வைக்க வேண்டிய நெ.பு. மார்பில்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் கணினி பழுது பார்க்கும் பாண்டி. முப்பது வயதிருக்கும். என்னிடம் தமிழ் படித்தவன் அல்லன், ஓர் ஆறுதல். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஐயா, வண்டி மொபெட்டு. ஏத்திருக்கது லாரி லோடு. எப்படி ஓடும்?"

"டிஸ்க்கப் பெருசா மாத்த முடியாதா தம்பி?"

"போர்டோட சேத்து ஒட்டிவச்சிருக்கான். கழத்த முடியாது. விண்டோஸ எறக்கிட்டு லினக்ஸு ஏத்துங்க. எடை கம்மியானது ரெண்டு சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டவை:
பப்பி லினக்ஸ். ஒரு ஜி.பி.க்கும் குறைவு. பென்டிரைவிலிருந்தே ஓடும், நெ.பு.வின் உள்ளே இருப்பதைத் தொடாது. தோற்றம் சுமார்.
லுபுண்டு. நெ.பு.வின் உள்ளேயே நிறுவ வேண்டும். பத்து ஜி.பி.க்குள். தோற்றம் பழகியதுபோல் இருக்கும். தமிழ் எழுத்து மிக அழகு.

"பப்பின்னா நாய்க்குட்டிங்கய்யா" என்றான். "பைரவர் வாகனந்தானே, வரட்டும்" என்றேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏலே பாண்டி, கம்ப்யூட்டர் போயி இப்ப ஐயாவுக்கு நாய் விக்கிறியா?" என்றார்.

பாண்டி சொன்னதை உள்ளபடியே எழுதிவைக்கிறேன். "மொதல்ல பப்பியப் போட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா பென்டிரைவ உருவிருங்க, பழசு பழசாவே இருக்கும். லுபுண்டுன்னா வீட்ல எல்லாரு பைலையும் வெளிய எடுத்து வச்சிட்டுத்தான் தொடணும்."

இரண்டையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றித் தந்தான். என் மனம் இரண்டாவதில்.

ஆவணி 7, சனி

இரண்டு நாளாக முடிவில்லை. தலைவலி. வெயில் வேறு.

இறுதியில், எப்போதும் செய்வதையே செய்தேன். செந்தில் திருமணம், தோட்டக் கிணறு, என் கண் சிகிச்சை, எல்லாம் பூக்கட்டிப் பார்த்தே. சிவப்பரளி என்றால் பப்பி, வெள்ளரளி என்றால் லுபுண்டு. தனித்தனி இலைத்துண்டில் மடித்து நாரால் கட்டி அம்மன் சந்நிதியில் வைத்தேன். எடுத்துத் தரப் பூக்காரி பேச்சியை அழைத்தேன்.

"என்ன காரியம் ஐயா? எடம் கிடம் வாங்குறீகளா?"

"வீட்டுச் சாமான் ஒண்ணு."

"பிரிஜ்ஜா? அதுக்கெல்லாமா ஆத்தாவத் தொந்தரவு பண்ணுவாக?"

எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. ஆனால் கட்டு தளர்ந்திருந்ததாகப் பட்டது. இதழின் ஓரம் வெளியே தெரிந்ததாகவும் பட்டது. கண்டு எடுத்தது திருவுளம் ஆகாது. இரண்டையும் இறுக்கிக் கட்டி மறுபடி வைத்தேன்.

"ஏன், மொதத் தடவ சொன்னது ஐயா காதுல விழலியாக்கும்?" என்று சிரித்தபடியே எடுத்தாள். வெள்ளை. லுபுண்டு என முடிவாயிற்று. மனம் லேசு.

ஆவணி 8, ஞாயிறு

மலர் காலையில் ரெட்டியபட்டிக்கு, தாய்வீடு. நிறுவுவதற்கு ஏற்ற நாள். ராகுகாலம் மாலையில்தான், முன்பகலிலேயே தொடங்கினேன்.

முதலில் என் கோப்புகள் அனைத்தும் பென்டிரைவுக்கு. இருமுறை சரிபார்த்தேன். ஒரு பக்கமும் விடுபடவில்லை.

இடையில் ஒரு கேள்வி. பழையதன் அருகிலேயே வைக்கவா, முழுவதையும் அழித்துவிட்டு வைக்கவா? அருகில் வைக்க இடம் ஏது. அழித்தலும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றன்றோ என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டு அழுத்தினேன். நாற்பது நிமிடம்.

என்ன வேகம்! என்ன தெளிவான எழுத்து! மாலைக்குள் 'நி' வரிசை முடிந்தது. மலர் இருட்டுவதற்குள் வந்தாள், களைத்திருந்தாள். நாளை காட்டலாம்.

ஆவணி 9, திங்கள்

கோயிலிலிருந்து திரும்பியபோது அடுப்பு எரியவில்லை. மலர் நெ.பு.வின் முன் தரையில்.

"மாமா, இதுல மலர்னு ஒரு பேரு இருந்துச்சே, எங்க?"

சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வேகத்தையும் விளக்கத் தொடங்கினேன். இப்போது எழுதவே கூசுகிறது.

"எல்லாத்தையும் எடுத்து வச்சீகளா?"

"என்னுடையத எடுத்து வச்சேன்."

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இட்லி ஊற்றினாள். அழவில்லை. எனக்குப் பரிமாறினாள். பள்ளிக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கவர்மெண்டு வாத்தியார் பரீட்சைக்கு எழுதி வச்ச நோட்ஸ் மாமா. ரெண்டு வருசம். எல்லாப் புஸ்தகத்தையும் நானே சுருக்கி, எனக்குப் புரியிற மாதிரி எழுதுனது. இருபத்தாறு நாளுதான் இருக்கு. இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிரும்."

"எப்பம்மா எழுதுன? நான் பாத்ததே இல்லையே."

"விடியக்காலம் நீங்க கோயிலுக்குப் போவீகள்ல, அப்ப."

மீதி என்னவென்று தெரியவில்லை, குப்பையாக இருக்கும் என்று ஐந்து நாளுக்கு முன் இந்த ஏட்டில்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிட எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். இருக்கட்டும்.

ஆவணி 10, செவ்வாய்

முதல் பேருந்தில் பாண்டியிடம். எதையோ ஓட்டித் தேடினான். மதியம் வரை காத்திருந்தேன், சாப்பிடத் தோன்றவில்லை.

"கெடைக்கலய்யா. அழிச்சது மட்டுமில்ல, மேலயும் எழுதியாச்சு." கிடைத்தவை சில படங்கள். அவையும் பாதி சாம்பல் நிறம். ஒன்றில் இந்திய ஆறுகளின் வரைபடம். வைகைக்குத் தெற்கே எதுவும் இல்லை.

"எல்லாரு பைலையும்னு சொன்னேன்லய்யா?"

"நீ சொன்ன தம்பி."

திரும்பும் வழியில் சன்னலோர இருக்கை. இருபுறமும் சீமைக்கருவேல். ஒளித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமை கட்டு தளரவில்லை. இதழ் தெரியவில்லை. விரும்பிய நிறம் வராததால் மறுபடி கட்டினேன். சிவப்பை ஏற்றிருந்தால் பென்டிரைவை உருவிவிட்டு இன்று மலரின் குறிப்பை அவளிடம் கொடுத்திருப்பேன். அம்மன்மேல் பழியில்லை. பாண்டிமேலும் இல்லை.

தெய்வத்தை இருமுறை கேட்டேன். ஒரே கூரையின் கீழ் இருப்பவளை ஒருமுறையும் கேட்கவில்லை.

ஆவணி 11, புதன்

செந்தில் தொலைபேசியில். "விடுங்கப்பா, தெரியாமச் செஞ்சதுதானே. அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்." அவளுக்கு அடுத்த வருடம் இல்லை என்பதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. கோபம் வந்தது. பிறகு, அவன் யாரிடம் கற்றான் என்று நினைத்து அடங்கினேன்.

கழுவாயாக எண்ணியவை:
நோன்பு. (மலர் சமைத்தது வீணாகும். அவள்தான் வருந்துவாள்.)
புதுக் கணினி. (குறிப்பு வராது.)
பாடநூல்களை நானே சுருக்கித் தட்டச்சு செய்து தருவது. இதுவே தகும். சமூக அறிவியல், ஆறாம் வகுப்பிலிருந்து. தொடங்கிவிட்டேன். சொல்லடைவு மூடி வைக்கப்பட்டது.

லுபுண்டுவில் அவள் பெயரை முதலாவதாகச் சேர்த்தேன். கடவுச்சொல்லை அவளே தட்டினாள்; நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் ஏழு ஜி.பி. படங்களை உள்ளே ஏற்றவில்லை.

ஆவணி 13, வெள்ளி

கண்ணெரிச்சல். பதினான்கு பக்கம் ஆயிற்று. மலரிடம் காட்டினேன். நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள்.

"நல்லாருக்கு மாமா. ஆனா இது உங்க தமிழு. 'ஈண்டு நோக்கற்பாலது'ன்னு இருக்கு. நான் இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பரீட்சையில பெல்லடிச்சிருவாக."

சிறிது சிரித்தாள். ஐந்து நாளில் முதல் முறை. என் தமிழைப் பார்த்து ஒருவர் சிரிக்க நான் மகிழ்ந்ததும் முதல் முறை.

ஆனால் எழுதியது பயன்படவில்லை. ஆகவே வேறு தீர்மானம். நாளை முதல் தேர்வு முடியும்வரை விடியற்காலையில் கோயிலுக்குப் போவதில்லை. அவள் எதிரே அமர்ந்து நூலைப் படித்துச் சொல்வேன். அவள் தன் சொல்லில் எழுதட்டும். நாற்பது ஆண்டு வழக்கத்தை விடுவது எளிதன்று. அதனாலேயே தகும்.

ஆவணி 14, சனி

நாலரைக்கு எழுந்து அமர்ந்தேன். நூலை விரித்தேன். மலர் என்னைக் கண்டதும் காபி போடப் போனாள். சர்க்கரை போதுமா என்றாள். குளிக்கத் தண்ணீர் காயவைத்தாள். விளக்கேற்றினாள். வந்து அமர்ந்தபோது ஐந்தேகால். நான் படித்தேன். அவள் பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தாள். நான்கு வரி. அடுப்படிக்கு நேரமாயிற்று.

துயரம் இன்னும் ஆறவில்லை போலும்.

ஆவணி 16, திங்கள்

நேற்றும் இன்றும் அவ்வாறே. இன்று காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லுத்தா."

"நீங்க பழயபடி கோயிலுக்குப் போங்க."

எனக்காகச் சொல்கிறாள் என்று எண்ணி, அம்மன் பொறுத்துக்கொள்வாள், உன் படிப்பு முதலில் என்றேன். தலையசைத்தாள்.

"அதுக்கில்ல மாமா. நீங்க வீட்ல இருந்தா காப்பி வேணுமான்னு பாக்கணும், தண்ணி காஞ்சிருச்சான்னு பாக்கணும், சேலைய இழுத்து விட்டுக்கிட்டு உக்காரணும். அந்த ஒரு மணி நேரந்தான் என்ட்ட யாரும் எதுவும் கேக்காத நேரம். நோட்ஸு போனா போகுது, எழுதுன கையி இருக்கு. பாதி மனசுலயும் இருக்கு. அந்த நேரத்த மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

கோபித்துக்கொள்ளவில்லை. விரித்திருந்த நூலை மூடினேன். அவளுக்குச் செய்யும் தொண்டு என்று நினைத்து, எஞ்சியிருந்த ஒன்றையும் மூன்று நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இம்முறையும் கேட்கவில்லை.

ஆவணி 17, செவ்வாய்

நாலு மணிக்கே கிளம்பினேன். அவள் எழுமுன் வெந்நீரை நானே வைத்துக் குளித்துக்கொண்டேன். காபி குடிக்கவில்லை. கதவை ஓசையின்றிச் சாத்தினேன்.

நடை திறக்கவில்லை. மண்டபப் படியில் அமர்ந்திருந்தேன். வழிபாடு முடிந்த பின்னும் எழவில்லை. பெருமானே, இன்று நான் உன்னிடம் வந்தது பக்தியால் அன்று, வீட்டில் இல்லாதிருப்பதற்காக. பொறுத்தருள்க.

குருக்கள் விளக்கைச் சரிசெய்துகொண்டே, "வெயில் வந்தாச்சே, வீட்ல தேட மாட்டாங்களா?" என்றார்.

"தேட மாட்டாக" என்றேன்.

திரும்பினேன். தெருமுனையில் நின்றேன். பால்காரர், "ஏன் ஐயா நிக்கிறீக, காலு வலியா?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. இன்னொன்றும் கேட்கட்டும் என்று நின்று, அதன் பின்னரே உள்ளே சென்றேன். மலர் தட்டை எடுத்து வைத்தாள். அவள் வலக்கை நடுவிரலில் நீல மை.

இவ்வேட்டை என்றேனும் திறப்பவர் எவராயினும் வாழ்க. அவர் வீட்டு விளக்கும் அடுப்பும் குறைவின்றி எரிக. அவ்வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், நாள்தோறும் ஒரு மணி நேரமேனும், எவரும் எதுவும் கேளாதிருக்க அம்மை அருள்க.