ஏழாவது கேள்வி

அன்புள்ள அப்பா,

நாய் கேட்டு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. கைவிடப்பட்ட டாஷ்ஹண்ட் நாய்களுக்கு வேறு வீடு தேடித் தருவது என் வேலை. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நீள முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட இனம் என்பதால், மாடிப்படி ஏற வேண்டிய வீட்டுக்குத் தரமாட்டோம். உங்களுடையது தரைத்தளம். எங்கள் கால்நடை மருத்துவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "படி இல்ல, தினம் ரெண்டு வேளை நடக்கறார். நாயே தேடிப் போனாலும் இதைவிட நல்ல எடம் கெடைக்காதும்மா, குடுத்துடு" என்றார்.

"ஒரு பதில் சரியில்ல, டாக்டர்" என்றேன்.

ஏழாவது கேள்வி: இதற்குமுன் வளர்த்த நாயை விட்டுவிட்டுப் போனதுண்டா? இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகு நம் நாய் வாலு நான்கு மாதம் வாசல் கதவருகிலேயே படுத்திருந்தது. பைக் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும். அதற்குத் துணையாக நானும் அங்கேயே உட்கார்ந்து பாடம் படித்தேன்.

ஆம் என்று எழுதுபவர்களுக்கும் நாய் தருகிறோம். பொய் எழுதினால்தான் தருவதில்லை. புதுப் படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன். பதில் சரியாக இருந்தால், வீட்டைப் பார்வையிட எங்கள் ஆள் ஒருவர் வருவார்.

அது நான்தான்.

உங்கள் மகள்