பெயர் போட்டு எழுதிய கேள்வி

பருத்திப்பட்டு, ஆவடி
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், மற்றபடி எப்படி என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். கால்கரியில் நீ சுகமா என்று கேட்பது இந்தத் தடவை வழக்கத்துக்கு எழுதுகிற வரி இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டியிருக்கலாம், தட்டினால் நீலக்கோடு வந்ததா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏற்கெனவே ஓர் இடத்தில் உட்காருங்கள் என்று அம்மா காலையிலிருந்து மூன்று தடவை அதட்டிவிட்டாள். அதனால் தாளில் எழுதி நானே பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொன்னால் அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும், கூட்டத்தில் நான் பட்டது போதும்.

உன் சித்தி உனக்குப் போன் போடுவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீ சொன்ன சங்கதியை, நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் நான் தெரியப்படுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன், தூக்கமே வருவதில்லை, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், கவுன்சிலிங் போகிறேன் என்று மார்ச் மாதம் நீ போனில் சொன்னாய். அதற்கு நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. வேலவெட்டி இல்லாதவங்களுக்கு வர்ற வியாதி உனக்கு எப்படிம்மா வந்துச்சு, மாத்திரய தூக்கிப் போட்டுட்டு வெடிகால எழுந்து நட, எல்லாம் ஓடிப்பூடும் என்றேன். அன்றோடு நீ என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பெற்ற அப்பன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக நின்றவனுக்கு, கையில் பிடித்துப் பார்க்க முடியாத ரிப்பேர் எதுவும் புரிவதில்லை. கோபம் போன பிறகு பயம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

ஜூனில் குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்காரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களுக்கு இலவசமாகப் பேச்சு ஏற்பாடு செய்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் வரலாமாம். அம்மாவிடம் நகர் நலச்சங்க வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். முதல் பேச்சு தூக்கத்தைப் பற்றி. பேசியவர் மூளைப் படமெல்லாம் போட்டுக் காட்டினார், எனக்குப் பாதி புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் அந்த நேரம் பார்த்து நன்றாகத் தூங்கினார். டீயும் மசால் வடையும் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மாத்திரைகளைப் பற்றிப் பேசினார்கள், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார்கள். என் பேச்சைக் கேட்டு நீ நிறுத்தியிருந்தால்? அதை உன்னிடம் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. நீ என் பேச்சைக் கேட்காத பிள்ளை என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

போன சனிக்கிழமை மூன்றாவது பேச்சு. வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் மற்றவர்கள் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பது தலைப்பு. கிருஷ்ணப்பிரியா என்று ஒரு பேராசிரியை, உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசினார். முடிந்ததும் துண்டுச்சீட்டு கொடுத்து, கேள்வியை எழுதிப் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டாம் என்றார்கள். இங்கேதான் உன் அப்பாவின் புத்தி வேலை செய்தது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நலச்சங்கத்தின் சார்பில் நான் எழுதாத மனு இல்லை. பெயரும் விலாசமும் இல்லாத தாள் நேராகக் குப்பைக்குப் போகும் என்று நகர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதோடு பெயர் போடாமல் எழுதினால் அது மொட்டைக் கடுதாசி, அந்த ஈனக் காரியத்தை நான் செய்வேனா? சீட்டு போதவில்லை என்று பையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள், கதவு எண் எல்லாம் போட்டு, கால்கரியில் இருக்கும் என் மகள் மதிவதனி என்று உன் பெயரையும் எழுதி, நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, இனி நான் என்ன சொன்னால் அவள் என்னிடம் பேசுவாள் என்று கேட்டுக் கையெழுத்தும், அதற்கு அடியில் போன் நம்பரும் போட்டேன்.

ரேஷ்மா என்ற மாணவிதான் சீட்டுகளை எடுத்து மைக்கில் வாசித்தது. பாவம் சின்னப்பெண், தாளைப் பிரித்தவள் அனுப்புநரிலிருந்து ஆரம்பித்து ஒரே மூச்சில் படித்தாள். பேராசிரியை எழுந்து ஓடிவந்து மைக்கை வாங்குவதற்குள் அடியில் இருந்த போன் நம்பர்வரை வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் நம் கீழ்வீட்டுப் பார்வதம். கேட்டது இந்த ஹாலோடு இருக்கட்டும் என்று பேராசிரியை கூட்டத்தைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஆனால் நான் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், இன்னா கோமளா, மதிக்கு ஒடம்பு சரியில்லியாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா என்று அந்த அம்மா உன் அம்மாவிடம் கேட்டு முடித்திருந்தாள்.

கூட்டத்தைத் துறைக்காரர்கள் வீடியோ எடுத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இணையத்தில் ஏறிவிட்டது, அதைத்தான் உன் சித்தி பார்த்தாள். அன்று முழுக்கப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் காலை எட்டு மணிக்குத் துறை வாசலில் போய் நின்றேன், பூட்டியிருந்தது, பத்து மணிவரை அந்த வராந்தாவில் எத்தனை நடை நடந்தேனோ. கிருஷ்ணப்பிரியா வந்ததும் வீடியோவை உடனே எடுக்கச் சொல்லிவிட்டார், தங்கள் கவனக்குறைவு என்று மன்னிப்பும் கேட்டார், ரேஷ்மா அழுதாள். அப்புறம் அவர் என்னிடம், அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு என்று மகளிடம் நேராகச் சொல்லிவிட்டீர்களா சார் என்று கேட்டார். ஊருக்கே தெரிந்தது, உனக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

நம்பர் வெளியே போனதில் போனும் வந்தபடி இருக்கிறது. நெமிலிச்சேரியிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற வெற்றிச்செல்வன் என்று ஒருத்தர் முக்கால் மணி நேரம் பேசினார். எம் புள்ள ரெண்டு மாசமா ரூம்ம வுட்டே வர்றதில்ல அண்ணாத்தே, நானும் உன்ன மாதிரியே இன்னான்னாமோ திட்டிட்டேன் என்று அழுதார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், பேராசிரியை நம்பரையும் கொடுத்தேன். வைக்கிற சமயம் அவர், உம் பொண்ணு இப்ப எப்டி கீது அண்ணாத்தே என்று கேட்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கே தெரியாது மதி. நல்லா இருக்கா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா சனிக்கிழமையிலிருந்து சோறு போடுவதும் அதட்டுவதும்தான், வேறு பேச்சு இல்லை. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, பெரிய தப்பு. உனக்கு வந்தது வியாதி, சோம்பேறித்தனம் இல்லை. உன் பெயரைத் தாளில் எழுதியதும் தப்பு. சித்தி கேட்டால் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம், எதுவும் சொல்லாவிட்டாலும் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே, நான் சொன்னாலும் நிறுத்தாதே. ரசம் வைக்கச் சோம்பலாக இருந்தால் தயிர்சாதமாவது சாப்பிடு. உனக்கு எல்லா நலமும் வர வேண்டும், நிம்மதியான தூக்கம் வர வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்று நினைவில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது நான் வெளியே போயிருக்கிறேன் என்று அவள் சொல்வது பொய். ஸ்பீக்கரில் போட்டுக் காய் நறுக்குவாள், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்து மாதமாக அப்படித்தான். உனக்குத் தெரியாமல் கேட்பதும் சரியில்லை என்று இப்போது படுகிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், அந்த நேரத்தில் ஏரிப்பக்கம் போய்விடுகிறேன்.

உன் அப்பா
தங்கராஜ்