அது அட்டைக்கடி இல்லை, அக்கா

என் பாண்டியக்காவுக்கு,

உன் மகள் தனத்துக்கும் உனக்கு வந்த அதே காய்ச்சல் வந்தது. பதறாதே, முழுவதையும் கேள்.

நீ போன பிறகு அவள்தான் உன் இடத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். விடியும் முன்பே போடிமெட்டு ஏறும் அதே ஜீப்பு, அதே நெரிசல். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "வேற என்ன சோலி இருக்கு சித்தி இங்க?" என்றாள்.

போன வாரம் மலையிலிருந்து இறங்கியவள் நடுங்கிக்கொண்டே வந்து படுத்தாள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி, கண் இரண்டும் சிவப்பு. உன்னைப் பார்த்தது போலவே இருந்தது.

உன்னைக் காட்டிய அதே போடி டாக்டரிடம்தான் முதலில் போனோம். பக்கத்தில் அவர்தானே இருக்கிறார். மனுஷன் கொஞ்சமும் மாறவில்லை. நாற்காலியை விட்டு எழவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், சட்டை மேலேயே குழாயை வைத்தார். "மலைக்குப் போற ஆளுகளுக்கு இதெல்லாம் வரும், போகும்" என்றார். ரத்தம் பார்த்ததில் டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. "அப்ப இது என்ன காய்ச்சல் சார்?" என்று கேட்டேன். "வைரல்" என்றார். உனக்கும் அதையேதான் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நா பாப்போம் பஞ்சு" என்றார்.

"ரெண்டு நா பாத்துத்தான மச்சான் அக்காவத் தூக்கிக் குடுத்தோம்?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து சட்டையை மாட்டினார். அடுத்த பஸ்சில் தேனிக்குக் கிளம்பினோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர். நம் தனத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். என்ன வேலை என்று முதலில் கேட்டார். ஏலக்காய் என்றதும், "செடி தூர்ல உக்காந்துதான காய் எடுப்பீங்க?" என்றார். நீ இருந்தபோது நாம் பார்த்த ஒருவராவது இதைக் கேட்டிருப்பார்களா? பிறகு திரையை இழுத்துவிட்டு, தலைமுடியிலிருந்து கால்விரல் வரை பார்த்தார். தனம் கூச்சத்தில் நெளிந்தாள்.

பாவாடை நாடாவுக்குக் கீழே இருந்தது. கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடியால் சுட்டது போல.

"அது அட்டைக்கடிங்க டாக்டர். சுண்ணாம்பு வச்சிருப்பேன், பொசுங்கிருக்கும்" என்றாள் தனம். மலையேறுகிற எவளும் அதைத்தான் சொல்வாள். அட்டை கடித்த இடத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அப்புகிறோம். தோல் வெந்து கறுத்துவிடுகிறது. அதனால் உடம்பில் எந்தக் கறுப்பைப் பார்த்தாலும் நமக்கு அட்டைதான்.

"அட்டை கடிச்சா ரத்தம் நிக்காது, அப்புறம் அரிக்கும். இது வலிச்சுச்சா? அரிச்சுச்சா?" என்று கேட்டார் டாக்டர். தனம் இல்லை என்றாள். "இது கண்ணுக்கே தெரியாத உண்ணி கடிச்சது. உண்ணிக் காய்ச்சல். ரத்தம் எடுத்து அனுப்புறேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மாத்திரையை இப்பவே போட்டுக்கம்மா."

சாதாரண மாத்திரை, அக்கா. போடியில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற மாத்திரை. அதற்கடுத்த நாளே காய்ச்சல் இறங்கியது. பரிசோதனையிலும் உண்ணிக் காய்ச்சல் என்றே வந்தது. பிழைத்துக்கொண்டாள். சட்னியில் உப்பு இல்லை என்று என்னைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது, காய் எடுக்கும்போது இடுப்பில் சாக்கு கட்டுகிற இடத்தில் இதே கறுப்பு இருந்தது. "பாவம், அட்டை இவளையும் விடல பாரு" என்றாள் ஒருத்தி. மஞ்சளைப் பூசி மூடினோம். உயிரோடு இருந்தவரை ஒரு டாக்டரும் பார்க்காத இடம். கேட்டிருந்தால் நீ காட்டியிருப்பாயா? கேட்டால்தானே?

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெண் டாக்டர், "வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார்.

"இவ அம்மாவுக்கு வந்துச்சு."

"இப்ப நல்லா இருக்காங்களா?"

மச்சான் வெளியே போய்விட்டார். தனம்தான், "இல்ல" என்றாள்.

உடம்பு தேறியதும் அவள் மறுபடி ஜீப்பு ஏறுவாள். தடுக்க என்னால் ஆகாது. ஆனால் அவள் இறங்கி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உடம்பு முழுக்கப் பார்ப்பேன். நம் தெருவில் எவளுக்குக் காய்ச்சல் என்றாலும் போய்ப் பார்ப்பேன். வெட்கப்பட்டால் திட்டுவேன். இனி எவள் இடுப்பையும் செத்த பிறகு முதன்முதலாகப் பார்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
பஞ்சு