செடியின் தலையிலேயே இருக்கட்டும்

அம்மா,

பிரிட்ஜைத் திறந்தால் இன்னும் மல்லிகைப்பூ வாசம் அடிக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் எழுமலையிலிருந்து அத்தை வந்தபோது பந்து பந்தாகப் பூ வாங்கிவந்து, வாழையிலையில் சுற்றி உள்ளே வைத்தாள். பூ போய்விட்டது. வாசம் போகவில்லை. தயிரில் ஏறிவிட்டது, தோசை மாவிலும் ஏறிவிட்டது. எனக்கு அந்த வாசம் வந்தாலே உன்னை நடுவீட்டில் கிடத்தியிருந்த நாள்தான் வருகிறது.

அன்றைக்கு அப்பாதான் சொன்னார். "தலை நெறைய வைங்க. மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும்." தன் லோடு ஆட்டோவைக் கூட்டாளியிடம் கொடுத்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி, கூடையோடு பூ கொண்டுவரச் சொன்னார். வந்த பெண்கள் அழுதுகொண்டே, "பொண்டாட்டி மேல எம்புட்டுப் பாசம் பாரு" என்றார்கள். நான் சமையலறை வாசலில் நின்று உன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையோ கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

இந்தத் திருநகர் வீட்டுக்குக் குடிவந்தபோது கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. பைக்கைக்கூட நிறுத்த முடியாது. அதனால்தான் அது உனக்குக் கிடைத்தது. பெயிண்ட் வாளிகள், அடி வெடித்த குடம், பாதியாக அறுத்த தண்ணீர் டிரம். எல்லாவற்றிலும் மண் நிரப்பினாய். செம்பருத்தி, நந்தியாவட்டை, அடுக்குமல்லி, கனகாம்பரம், சுவரோரமாக டேபிள் ரோஸ். அரிசி கழுவிய தண்ணீரும் டீத்தூள் சக்கையும் முட்டை ஓடும் தவிர அவற்றுக்கு நீ வேறொன்றும் போட்டதில்லை. போட உன்னிடம் இருந்ததும் இல்லை.

காலையில் அப்பா எழுவதற்கு முன்னால் நீயும் நானும் படியில் உட்கார்ந்திருப்போம். கையில் டீ. நீ பேச மாட்டாய், எனக்கும் பேச வராது. நந்தியாவட்டை இலையில் தண்ணீர் நிற்கும். ஒரு தேன்சிட்டு வந்து செம்பருத்திக்குள் தலையை விட்டு விட்டு எடுக்கும். "இங்கன பாரு பாப்பா, இன்னைக்கு மூணு மொட்டு" என்பாய், யாருக்கும் கேட்காத குரலில். அப்போது உன் முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. உள்ளே கட்டில் கிரீச்சிடும். நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். அடுத்த நாள் காலை வரைக்கும் அந்த முகம் வராது.

இத்தனை பூ பூத்தும் நம் இரண்டு பேர் தலையிலும் ஒன்றுகூட ஏறியதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ ஒரு நாள் கனகாம்பரம் கட்டி வைத்துக்கொண்டாய். "பூவும் பொட்டுமா எவனப் பாக்கக் கெளம்பிட்ட?" என்றார் அப்பா. அப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ பூ வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து சாமிக்குப் பறித்துக்கொண்டு போகும்போது, "நீயும் ரெண்டு வையேன்" என்றால், "எனக்குத் தலைவலி வரும்க்கா" என்று சிரிப்பாய். என்னிடம் மட்டும் சொன்னாய்: "செடி தலையிலயே இருக்கட்டும் பாப்பா. அங்கன இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாக."

ஒரே ஒரு தரம் கேட்டுக்கு வெளியே அதை மீறினாய். உன் கிட்னி கெட்டுப்போய், நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்த காலம். கோரிப்பாளையம் நிறுத்தத்தில் பூ விற்கிற அம்மா உன் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு, "வச்சுக்கிட்டுப் போ தாயி, காசு வேணாம்" என்று துண்டுச் சரம் ஒன்றைக் கையில் திணித்தது. பஸ் கிளம்பியதும் நீ அதைத் தலையில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கண்ணாடியில் உன்னையே பார்த்தாய். பசுமலை தாண்டியதும் எடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாய். நம் நிறுத்தத்தில் இறங்கிய பிறகு, பூ ஆடிக்கொண்டே திருமங்கலம் பக்கம் போவதை இரண்டு பேரும் பார்த்தோம். "அது ஊர் சுத்தட்டும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு அம்மா. வாசலில் கிடைத்த அந்த அரைமணி நேரத்தை நீ நிம்மதி என்று சொன்னாய். அவர் தூங்கும் நேரம்தான் அது. அதற்கு மேல் கேட்க உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்காவது கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

இப்போது நீ சுவரில் இருக்கிறாய். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியபோது, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் உனக்குப் பட்டுச்சேலை உடுத்தி, காதில் ஜிமிக்கி மாட்டி, இரண்டு தோளிலும் வழிகிற மாதிரி மல்லிகைப்பூ வைத்துக் கொடுத்தார். அதற்கு மேலே அப்பா தினமும் புதுச்சரம் வாங்கிவந்து போடுவார். பார்க்கிறவர்களெல்லாம் அவரைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை என்னைக் கேட்டு வந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம், அத்தைக்குத் தெரிந்த குடும்பம். "இப்பப் பூ மட்டும் வச்சு உறுதி பண்ணிக்கிருவோம், கல்யாணம் பதினெட்டு முடிஞ்சு" என்று பேச்சு. எனக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. தலையில் பூ ஏறிவிட்டால் அப்புறம் கேட்கவும் மாட்டார்கள். அத்தை என்னைப் பாயில் உட்கார வைத்தாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா கேலியாக, "புள்ள வாயத் தொறக்குமா, இல்ல ஊமையத் தலைல கட்டுறீங்களா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கண்ணன் வளப்பு மதினி. சத்தம் வெளிய வராது" என்றாள் அத்தை.

அந்தம்மா தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தது. வாசம் முன்னால் வந்தது. நடுவீட்டில் நீ படுத்திருந்த அதே வாசம். நான் கையைத் தூக்கிப் பின்னந்தலையை மூடிக்கொண்டேன்.

"எங்க வீட்டுல பொம்பளைக பூ வைக்கிறது இல்ல."

அந்தம்மா சிரித்தது. "இதென்னத்தா புதுசாருக்கு? வாசப் பூராம் பூவா நிக்குது."

"அது செடிக்கு."

"படத்துல ஒங்கம்மா வச்சிருக்காகளே?"

"அது ஸ்டுடியோக்காரர் வச்சது."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தது. அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்திருந்தது. அந்தம்மா பூவைத் தட்டில் வைத்துவிட்டது. "சின்னப்புள்ள. தை பொறக்கட்டும், அப்புறம் பேசுவோம். வாரோம் மதினி." அந்தம்மாவின் தலையில் பூ இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அத்தை என் முடியைப் பிடித்துவிட்டாள். "ஒங்காத்தா உசுரோட இருக்கையில பேசாததெல்லாம் ஒன் வாயில வந்து பேசுறாளாடி?"

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தட்டில் இருந்ததையும் மிச்சத்தையும் அத்தை அள்ளிக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் போனாள்.

தை பிறந்தால் மறுபடி வருவார்கள். இவர்களோ வேறு யாரோ. எனக்குத் தெரியும்.

நேற்று அப்பா உன் படத்துக்குப் பூ வாங்கி வரவில்லை. இன்றைக்கும் இல்லை. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, நான் கேட்கப்போவதும் இல்லை. இன்று காலை காய்ந்த சரத்தைக் கழற்றி, நீ உதிர்ந்த பூவைப் போடுகிற மாதிரி, மல்லிச் செடிக்கு அடியில் போட்டேன்.

அப்புறம் டீயோடு படியில் உட்கார்ந்தேன். செம்பருத்தி இரண்டு விரிந்திருந்தது. தேன்சிட்டு வந்தது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. என் கால் தானாக எழப் பார்த்தது. அது நீ என்னிடம் விட்டுப்போன கால். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா வந்து வாசலில் நின்றார். செடிகளைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, நான் திரும்பவில்லை. சாப்பிடாமலேயே, நான் உட்கார்ந்திருந்த படியில் ஓரமாகக் கால் வைத்து இறங்கிப் போனார்.

டீ முழுவதையும் அங்கேயே குடித்து முடித்தேன் அம்மா.